பீடோங்கிற்கு வந்த ஒரு குப்பி கால்மோடுலின்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங் மாதிரி தோட்டத்து ஊரில் இருந்துகொண்டு ஆய்வுக்குப் புரதம் வாங்குகிறவர்கள் முதலில் நாள்காட்டியைப் பார்க்க வேண்டும். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், கோலாலம்பூரில் சனியும் ஞாயிறும். மனிதக் கால்மோடுலின் என்ற புரதத்தோடு வியாழன் மாலை கோலாலம்பூரில் கிளம்பிய என் பெட்டி வெள்ளி காலை இங்கே வந்தபோது ஆய்வகம் பூட்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் போன் போட்டால் விற்றவர் பக்கம் எடுக்க ஆளில்லை. இனிமேல் ஆர்டர் கொடுக்கும்போதே “திங்கள் அல்லது செவ்வாய் மட்டும் அனுப்பவும்” என்று எழுதிவிடுவேன்.

பெட்டியைக் காப்பாற்றியவர் காவலாளி அங்கிள். “ஐஸ் படம் போட்டிருந்துச்சும்மா. வெளிய வச்சா கெட்டுப்போயிடுமேன்னு கேண்டின் ஃப்ரிட்ஜுல வச்சிட்டேன்” என்றார். உறைய வைத்து உலர்த்திய புரதம் ஓரிரு நாள் தாங்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர் அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து கொடுத்தபோது எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

வீட்டில் அம்மா கேட்ட முதல் கேள்வி, “மனுஷப் புரதம்னா யார் உடம்புல இருந்து எடுத்தது?” யார் உடம்பிலிருந்தும் இல்லை. மனிதர்களின் கால்மோடுலின் மரபணுவை இ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்து வளர்க்கிறார்கள். பாக்டீரியா நம் புரதத்தைச் செய்து தருகிறது. செல்லுக்குள் கால்சியம் ஏறும்போது இந்தப் புரதம் நான்கு கால்சியம் அயனிகளைப் பிடித்துக்கொண்டு, வடிவம் மாறி, மற்ற புரதங்களைத் தட்டி எழுப்பும். அதோடு எந்த மூலக்கூறுகள் ஒட்டுகின்றன என்று பார்ப்பதுதான் என் முதுகலை ஆய்வு.

குப்பியில் இருந்தது 100 மைக்ரோகிராம். வெளிச்சத்தில் பிடித்தால் காலிக் குப்பி மாதிரியே தெரிந்தது. ரப்பர் பால் பிடிக்கும் மங்கின் ஓரத்தில் ஒட்டுப்பால் பிடித்திருப்பதுபோல, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏடாகப் புரதம் சுவரிலோ மூடியிலோ ஒட்டியிருக்கும். அதனால் திறப்பதற்கு முன்பே சென்ட்ரிஃப்யூஜில் ஒரு சுற்று விட்டு அடியில் இறக்கினேன். 200 மைக்ரோலிட்டர் தூய நீர் விட்டு, குலுக்காமல், பிப்பெட்டால் மெதுவாக ஏற்றி இறக்கிப் பதினைந்து நிமிடம் விட்டேன். மில்லிலிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருக்க வேண்டும்.

280 நானோமீட்டர் ஒளியைக் கரைசல் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தேன். 0.09 காட்டியது. மற்ற புரதங்களுக்குப் போடும் பொதுக் கணக்கில் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. மூன்று முறை அளந்தும் அதேதான். அந்தக் குப்பிக்காக எத்தனை மாதம் காத்திருந்தேன்! கேண்டின் ஃப்ரிட்ஜில் வீணாகிவிட்டதோ, விற்றவர்களே குறைத்துப் போட்டுவிட்டார்களோ என்று நெஞ்சு படபடத்தது. புகார்க் கடிதத்தையே எழுதி முடித்துவிட்டேன்.

என் ஆய்வு வழிகாட்டி மேடம் கடிதத்தைப் படித்துவிட்டு, “அனுப்பாதே. முதல்ல அந்தப் புரதத்துல டிரிப்டோஃபேன் எத்தனைன்னு எண்ணிட்டு வா” என்றார். எண்ணினேன். 148 அமினோ அமிலங்களில் டிரிப்டோஃபேன் ஒன்றுகூட இல்லை. டைரோசின் இரண்டே இரண்டு. 280-இல் ஒளியை உறிஞ்சுவது பெரும்பாலும் இவை இரண்டும்தான். கால்மோடுலின் மில்லிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் முழுசாக இருந்தாலும் 0.18 அளவுக்குத்தான் காட்டும். அப்படியென்றால் என் 0.09 மிகச் சரியான அளவு! அந்த ஒரு வரிக் கணக்கை முன்பே போட்டிருந்தால் இரண்டு நாள் தூக்கம் கெட்டிருக்காது.

அளவு சரி. ஆனால் கால்சியத்தைப் பிடிக்கிறதா? அதற்கு ஜெல் ஓட்டினேன், அதாவது மின்சாரம் பாய்ச்சிப் புரதத்தை ஜெல்லுக்குள் நகரவிட்டேன். ஒரு தடத்துக்குக் கால்சியம் சேர்த்தது, இன்னொன்றுக்குச் சேர்க்காதது. கால்சியம் பிடித்த கால்மோடுலின் கச்சிதமாகி வேகமாக ஓடும் என்று படித்திருந்தேன். ஆனால் இரண்டு பட்டைகளும் ஒரே கோட்டில் நின்றன. சேர்க்காவிட்டால் கால்சியம் இருக்காது என்று நினைத்ததுதான் பிழை. கண்ணாடிக் குடுவையிலும் நீரிலும் இருக்கும் துளிக் கால்சியமே இதற்குப் போதும். அடுத்த முறை எல்லாமே புது பிளாஸ்டிக். சேர்க்காத தடத்தில் ஈ.ஜி.டி.ஏ. என்ற வேதிப்பொருளை விட்டேன். அது மெக்னீசியத்தைப் பெரிதாகத் தொடாமல் கால்சியத்தை மட்டும் இறுகப் பிடித்துக்கொள்ளும். மீதிப் புரதத்தை 20 மைக்ரோலிட்டராகப் பிரித்து -80 டிகிரியில் வைத்துவிட்டேன். உருக்கி உருக்கி உறைய வைத்தால் கெட்டுவிடும்.

சாயம் கழுவியதும் இரண்டு நீலப் பட்டைகள், ஒன்று மேலே, ஒன்று கீழே, நடுவில் நன்றாகத் தெரிகிற இடைவெளி. சாயங்காலம் வீட்டுக்குப் போகிற வழியில் காவல் அறையில் நின்று அங்கிளிடம் போனில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“இதுல எதும்மா கால்சியம் புடிச்சது?”

கீழே இருந்த பட்டையைத் தொட்டுக் காட்டினேன்.