ஷ்ரூஸ்பரி வீட்டுக் கடிதங்கள்

ஜனவரி 11

சார்ல்ஸ் டார்வின் பீகிள் கப்பலில் போன காலத்துக் குடும்பக் கடிதங்களை, போனது வந்தது எல்லாவற்றையும் தேதி வரிசையில் வைத்துப் படிக்கிறேன். 1831 டிசம்பர் 27-ல் பிளிமத்திலிருந்து கப்பல் கிளம்பியபோது அவருக்கு வயது 22. ஷ்ரூஸ்பரி வீட்டில் அப்பா, அக்காக்கள் கரோலின், சூசன், தங்கை கேத்தரின். பெண்கள் மூவரும் முறைவைத்து எழுதியிருக்கிறார்கள். அவருடைய கடிதங்களைவிட இவர்களுடையதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. ஊர் வம்பு நிறைய.

ஜனவரி 14

ரியோ டி ஜெனிரோ, 1832 ஏப்ரல். டார்வின் மனதில் இருந்த ஃபேனி ஓவனுக்கு வேறொருவருடன் கல்யாணம் நிச்சயமான செய்தி கேத்தரின் கடிதத்தில் வருகிறது. அதை அவர் பிரித்துப் படிக்கும்போது அங்கே கல்யாணமே முடிந்துவிட்டது! பதில் எழுதி என்ன பயன்? ஆனாலும் எழுதுகிறார், பாவம்.

ஜனவரி 19

அப்பா ராபர்ட் டார்வின் இந்தப் பயணமே வேண்டாம் என்றவர். தாய்மாமன் ஜோசையா வெட்ஜ்வுட் எடுத்துச் சொன்ன பிறகுதான் இறங்கி வந்தார். (தாய்மாமன் சொல்லுக்கு அங்கேயும் மதிப்பு இருந்திருக்கிறது.) 1833 மார்ச்சில் அந்த அப்பாவே நாலு வரி எழுதுகிறார்: உன் முதல் கடிதத்தில் சொன்னாயே என்று ஒரு வாழை வாங்கி வைத்தேன், கண்ணாடி வீடு நிறையும் போல வளர்கிறது, அதன் கீழே உட்கார்ந்து, நீயும் இதுபோன்ற நிழலில் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நம் ஊரில் கிணற்றடியில் தானாக வளர்கிற மரம். இதற்கு மேல் இன்று எதையும் படிக்கவில்லை.

ஜனவரி 22

டார்வின் தன் நாட்குறிப்பையும் பகுதி பகுதியாக வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். 1833 அக்டோபரில் கரோலின் எழுதுகிறாள்: ஹம்போல்ட்டை (பயண நூல்கள் எழுதிய ஜெர்மானிய அறிஞர்) அதிகம் படித்ததால் அவருடைய பூச்சு நடை உனக்கும் ஒட்டிக்கொண்டது, உன் சொந்த எளிய நடையே மேல். அம்மா இறந்தபோது டார்வினுக்கு 8 வயது. வளர்த்த அக்கா இப்படித்தான் சொல்வாள். சூசன் தன் பங்குக்கு எழுத்துப் பிழைகளைப் பட்டியல் போட்டு அனுப்புகிறாள். பிற்பாடு அவர் எழுதியவற்றின் தெளிவில் இந்த வீட்டுத் திருத்தங்களுக்கும் பங்குண்டு என்றுதான் நான் நினைக்கிறேன்.

ஜனவரி 27

1836 ஜனவரி, சிட்னி. ஆவலோடு வந்திறங்கினால் ஒரு கடிதம்கூட இல்லை. இங்கிலாந்து போய்ச் சேரும்போது கைக்குக் கிடைத்த கடைசிக் கடிதம் 18 மாதப் பழசாக இருக்கும் என்று சூசனிடம் புலம்புகிறார். நல்ல வேளை, அப்படி ஆகவில்லை. ஜூலையில் அசென்ஷன் தீவில் கடிதம் வந்தது. நிலவியலாளர் செட்ஜ்விக் வீட்டுக்கு வந்து, உங்கள் மகன் பெரிய விஞ்ஞானிகள் வரிசையில் நிற்பான் என்று அப்பாவிடம் சொன்னாராம். படித்ததும் சுத்தியலோடு மலையில் துள்ளி ஏறினார்.

அப்புறம் பார்த்தால், அளவை வேலை பாக்கி என்று கேப்டன் ஃபிட்ஸ்ராய் கப்பலை மறுபடி பிரேசிலுக்கே திருப்பிவிட்டார். பாஹியாவிலிருந்து சூசனுக்குப் போன ஆகஸ்ட் கடிதத்தில், கடலையே வெறுக்கிறேன் என்கிறார். அக்காவிடம்தானே சொல்ல முடியும்!