29 கிலோ ஸ்டெப்னி

எங்கள் ஏலத்தோட்டம் பூப்பாறைக்கு அந்தப் பக்கம். போடியிலிருந்து கிளம்பினால் முந்தல் தாண்டி போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். தேசிய நெடுஞ்சாலை 85 நல்ல ரோடு, அதில் எந்தப் பிரச்சினையும் இல்லை. தோட்டத்துக்குப் பிரியும் கடைசி மூன்று கிலோமீட்டர்தான் வண்டியைச் சோதிக்கும். ஜீப்புகள் ஓடி ஓடி இரண்டு பக்கமும் பள்ளம் விழுந்திருக்கும், நடுவில் மேடு நிற்கும். என் மாருதி ஜிப்ஸியின் டிஃபரன்ஷியல், அதாவது அச்சின் நடுவில் தொங்கும் பல்சக்கரப் பெட்டி, அந்த மேட்டில் உரசாத நாளே கிடையாது.

ஸ்பிரிங்கை உயர்த்தினால் பாடிதான் உயரும். அச்சு உயர வேண்டுமென்றால் டயர் பெரிதாவது ஒன்றே வழி. அதனால் 205/70 ஆர்15 அளவு டயர் போய் 235/75 ஆர்15 வந்தது. கணக்குப் பார்த்தால் விட்டம் 668 மில்லிமீட்டரிலிருந்து 734 ஆகிறது. அதில் பாதி, அதாவது 33 மில்லிமீட்டர், அச்சுக்கு அடியில் கிடைக்கிறது. உரசல் நின்றதற்கு அந்த ஒன்றேகால் அங்குலம் போதுமாக இருந்தது. திருப்பும்போது பம்பரின் மூலையில் டயர் இடித்தது, அதைக் கொஞ்சம் அறுத்தோம். மீட்டர் 60 காட்டும்போது வண்டி 66-இல் போகிறது, அது பழகிவிட்டது.

நான்கு டயர் வாங்கினேன். ஐந்தாவது வாங்கவில்லை. ஸ்டெப்னிதானே, பழையதே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன வருஷம் ஜூலை மழையில், தோட்டத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும்போது வலது பின் டயரின் பக்கச் சுவரைக் கல் கிழித்துவிட்டது. பஞ்சர் ஒட்டும் சமாச்சாரமே இல்லை, விரல் நுழையும் அளவுக்குக் கிழிசல். சின்ன ஸ்டெப்னியை மாட்டிக் கிளம்பினேன். சேற்றில் நான்கு சக்கர இழுவை போட்டுத்தான் ஆக வேண்டும், போட்டால் வண்டி அடம் பிடித்தது. ஜிப்ஸியில் முன் அச்சையும் பின் அச்சையும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் விசையை இரண்டு அச்சுக்கும் அனுப்பும் பெட்டி) விறைப்பாகப் பிணைத்துவிடும், நடுவில் டிஃபரன்ஷியல் கிடையாது. சக்கரங்களின் அளவு வேறுபட்டால் ஒரு சுற்றுக்குப் போகும் தூரமும் வேறுபடும், அந்த மிச்சம் முறுக்காக ஷாஃப்ட்டுகளில் ஏறும். சேறு வழுக்குவதால் அங்கே கொஞ்சம் தப்பிக்கலாம். திரும்பி வரும்போது தார் ரோடு ஏறியதும் நான்கு சக்கர இழுவையின் லீவரை எடுக்கவே முடியவில்லை, பின்னோக்கிக் கொஞ்சம் ஓட்டித்தான் விடுவித்தேன்.

(வேறு வழியே இல்லாமல் சின்ன ஸ்டெப்னி மாட்ட நேர்ந்தால் ஒன்று செய்யுங்கள். பின் டயர் போயிருந்தாலும் முன்னாலிருக்கும் நல்ல டயரைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டு, சின்னதை முன்னால் மாட்டுங்கள். இரண்டு சக்கர இழுவையில் மட்டும் ஓட்டுங்கள். அப்போது பின் சக்கரங்கள்தான் இழுக்கும், இரண்டும் ஒரே அளவில் இருந்தால் பின் டிஃபரன்ஷியல் ஓயாமல் சுற்றித் தேயாது.)

சரி, ஐந்தாவது டயரும் அதே அளவில் வாங்கியாயிற்று. ரிம்மோடு சேர்த்து ஏலக்காய் மூட்டை எடை போடும் தராசில் வைத்தேன். பழைய ஸ்டெப்னி 18 கிலோ, புதியது 29. பதினொரு கிலோதானே கூடுதல் என்று நினைத்துப் பழையபடி பின் கதவிலேயே மாட்டினேன்.

இரண்டு மாதம் தாங்கியது. முதலில் சாத்தும்போது கதவை லேசாகத் தூக்க வேண்டியிருந்தது. அப்புறம் கீலுக்குப் பக்கத்தில் பெயின்ட்டில் தலைமுடி மாதிரி ஒரு கோடு. நான் அழுக்கு என்று துடைத்தேன், போகவில்லை. மழை பெய்ததும் கோட்டிலிருந்து துரு வடிந்தது. தேனியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் விரலால் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, இது தகரம். தகரத்துல ஆட்டுக்கல்லத் தொங்கவிட்டா என்ன ஆகும்?”

கதவின் மேல் குற்றம் சொல்லவே முடியாது. அது 18 கிலோவுக்குச் செய்த கதவு. கீலிலிருந்து டயரின் நடு மையம் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. கதவைத் திறந்து வைத்தால் அத்தனை பாரமும் அந்த நீளத்தோடு சேர்ந்து மேல் கீலைப் பிய்த்து இழுக்கும். சாத்தியிருந்தால் பூட்டும் கொஞ்சம் தாங்கும், ஆனால் பள்ளத்தில் விழுந்து எழும் ஒவ்வொரு முறையும் அந்த 29 கிலோ இரண்டு மூன்று மடங்காக இறங்கும். என் பாதையில் மூன்று கிலோமீட்டருக்குள் எத்தனை பள்ளம்!

அண்ணன் இரண்டு வழி சொன்னார். உள்பக்கம் பிளேட் வைத்துக் கதவைப் பலப்படுத்துவது ஒன்று. அதில் விரிசல் இடம் மாறுமே தவிர பாரம் போகாது என்று அவரே சொல்லிவிட்டார். இன்னொன்று, பின் பம்பரைக் கனமான இரும்பில் செய்து சேசிஸில் போல்ட் போட்டு, அதிலிருந்து கை மாதிரி ஒரு சட்டம் சுழன்று திறக்கும்படி வைத்து, டயரை அதில் ஏற்றுவது. இதைத்தான் செய்தோம். சட்டம் சுழலும் முளைக்கு வெறும் புஷ் போதாது என்று மேலும் கீழும் டேப்பர் பேரிங் வைத்து, கிரீஸ் நிப்பிள் போட்டார். மறுமுனை வந்து உட்கார ஒரு சாய்வு மேடை, அதன் மேல் இறுக்கும் கொக்கி, கொக்கிக்கு ஒரு பூட்டு ஊசி. அந்தச் சாய்வு மேடைதான் முக்கியம். சட்டம் மூடியிருக்கும்போது பாரத்தில் பாதியை அது வாங்கிக்கொள்ளும், பேரிங் மட்டும் சுமக்க வேண்டியதில்லை.

இதற்கும் விலை உண்டு. பம்பரும் சட்டமும் பழைய பம்பரைவிட 24 கிலோ கூடுதல். டயரின் 11 கிலோவைச் சேர்த்தால் வாலில் 35 கிலோ ஏறியிருக்கிறது. அது பின் அச்சுக்கு 90 சென்டிமீட்டர் பின்னால் தொங்குகிறது, ஜிப்ஸியின் வீல்பேஸ் 2375 மில்லிமீட்டர். சீசா பலகை மாதிரிதான், பின்னால் அமுங்கினால் முன்னால் எழும். பின் அச்சில் 48 கிலோ கூடுகிறது, முன் அச்சில் 13 கிலோ குறைகிறது. ஈரமான ஏற்றத்தில் ஸ்டியரிங் லேசானதை நான் கையிலேயே உணர்ந்தேன். ஜாக்கி, கயிறு, கடப்பாரை எல்லாவற்றையும் பின்னாலிருந்து எடுத்து முன் சீட்டுக்கு அடியிலும் அதன் முதுகை ஒட்டியும் வைத்தேன், பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டினேன். இப்போது பரவாயில்லை.

அப்பாவுக்கு இந்தக் கனம்தான் பிடிக்கவில்லை. அவருக்கு 68 வயது, தனியாக மலைக்குப் போகும்போது 29 கிலோவைத் தூக்கி மாட்ட முடியாது என்றார். நியாயம்தான். ஸ்டெப்னி என்ற சொல்லே வேல்ஸ் நாட்டில் லானெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவிலிருந்து வந்தது. 1904-இல் டேவிஸ் சகோதரர்கள் செய்த அந்தச் சக்கரத்துக்குக் கம்பிகளே கிடையாது. வெறும் ரிம்மும் டயரும், பஞ்சரான சக்கரத்தின் மேலேயே கவ்வி மாட்டி ஓட்டுவார்கள். நமக்கு அந்தச் சொல் மட்டும்தான் மிஞ்சியது, அந்த லேசு மிஞ்சவில்லை. அப்பாவுக்காக நாலடிப் பலகை ஒன்றை வண்டியில் வைத்திருக்கிறேன். ஒரு முனையைத் தரையிலும் மறுமுனையைச் சட்டத்தின் அடிக்கம்பியிலும் சாய்த்து, டயரை உருட்டி ஏற்றி, போல்ட்டில் தள்ளிவிடலாம். சக்கரத்தில் மாட்டுவதற்கு அதே பலகையை டயருக்கு அடியில் நெம்புகோலாக விட்டுக் காலால் அமுக்கினால் போதும். போன மாதம் அவரே தனியாகச் செய்து காட்டினார், 25 நிமிடம்.

இன்னொன்று, ஐந்து டயரையும் சுழற்சியில் ஓட்டுகிறேன். 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்டெப்னி கீழே இறங்கும், ஒன்று மேலே போகும். இல்லாவிட்டால் நான்கு தேய்ந்து ஒன்று மட்டும் புதிதாக நின்று, மறுபடியும் அளவு வித்தியாசம் வந்துவிடும். வெயிலில் காய்ந்து வெடிக்கும் டயரும் ஸ்டெப்னிதான். காற்று வைக்கப் போகும்போது அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், பஞ்சர் கடைத் தம்பிகள் அவர்களாகப் பார்ப்பதில்லை.

கொக்கியில் மட்டும் இன்னும் ஒரு கடகட சத்தம் இருக்கிறது. லாரி டியூப்பை வெட்டி இரண்டு மடிப்பாக வைத்தேன், மூன்று வாரம் அமைதியாக இருந்தது, இப்போது மறுபடியும் ஆரம்பித்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கன்வேயர் பெல்ட் துண்டு ஒன்று கிடைக்கும் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார்.