பிகானேர் போனால் இரும்பு வளையத்தைக் குனிந்து பாருங்கள்

"இந்தக் கவசம் ஐம்பது கிலோ சார்!" ராஜஸ்தானில் எந்தக் கோட்டைக்குப் போனாலும் யாராவது ஒருவர் இந்தப் புளுகை அவிழ்த்துவிடுவார். நம்பாதீர்கள். வளையமும் தகடும் சேர்த்துக் கோத்த குதிரைவீரனின் அங்கி பெரும்பாலும் பத்துக் கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். ஐம்பது கிலோ இரும்பை மாட்டிக்கொண்டு எவன் சேணத்தில் திரும்பி வில் வளைப்பான்?

மதுரையில் கிளம்பி சென்னை வழியாக பிகானேர் போகும் அனுவ்ரத் எக்ஸ்பிரஸ் முழுக்க ஏசி. பர்ஸ் தாங்காது. மன்னார்குடியிலிருந்து ஜோத்பூரின் பகத் கி கோட்டிக்கு ஓடும் ரயிலில் ஸ்லீப்பர் போட்டு, ஜோத்பூரில் வண்டி மாறுவது மலிவு. பிகானேர் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர்கள் வாய்க்கு வந்த தொகை கேட்பார்கள். கவசங்கள் இருக்கும் ஜூனாகர் கோட்டை நடக்கிற தூரம்தான், நடந்தே விடுங்கள். மிச்சமாகும் காசுக்குக் கச்சோரி சாப்பிடலாம். நரிப்பயறு மாவில் செய்த புஜியாவையும் அங்கேயே வாங்குங்கள், நம் ஊர் பாக்கெட்டில் அந்தக் காரம் வராது.

இந்தக் கோட்டையின் பிகானேர் ஆயுதசாலைக் கவசங்களில் பல, தெற்கிலிருந்து போனவை. 1686-இல் பீஜப்பூர் ஔரங்கசீப்பிடம் விழுந்தது. 1680-களின் கடைசியில் ஆந்திராவின் ஆதோனியும் விழுந்தது. முகலாயப் படையில் இருந்த பிகானேர் மன்னர் அனூப் சிங் அங்கிருந்து எடுத்துப்போனவை என்று சொல்லப்படும் அங்கிகளில், புள்ளி புள்ளியாகக் குத்திய தேவநாகரி எழுத்துகள் உண்டு. ஆதோனி, நம் மும்பை ரயில்கள் நிற்கிற அதே ஆதோனிதான்.

கவசம் வைத்த கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்றால் முதலில் வளையத்தைப் பாருங்கள். ஒரு வளையம் நாலு வளையங்களைக் கோத்துப் பிடிக்கும். போருக்குச் செய்ததென்றால் கம்பியின் இரண்டு முனையையும் தட்டையாக்கி, ஒன்றின்மேல் ஒன்று வைத்து, துளையிட்டு, சின்ன ஆணி அடித்து இறுக்கியிருப்பார்கள். ஒரு வரிசை ஆணி அடித்தது, அடுத்த வரிசை இணைப்பே இல்லாத முழு வளையம் என்று மாறி மாறி வந்தால் ஆணி வேலை பாதியாகும். முனைகளை வெறுமனே முட்டவைத்து விட்டிருந்தால் ஈட்டி முனை உள்ளே நுழைந்ததும் வளையம் விரிந்துகொடுக்கும். பித்தளை, செம்பு, இரும்பு கலந்து கட்டம் கட்டமாக மினுக்கும் 18, 19-ஆம் நூற்றாண்டு அங்கிகளில் இந்த வகை நிறைய. பெரும்பாலும் ஊர்வலச் சரக்கு. அதற்குத்தான் கூட்டம் செல்ஃபி எடுக்கிறது!

அடுத்தது தகடு. மார்பில் பெரிய தகடுகள், நடுவில் வாரும் கொக்கியும். முதுகிலும் விலாவிலும் சின்னத் தகடுகள் பத்தி பத்தியாக. தகட்டு ஓரத் துளைகளில் வளையத்தைக் கோத்திருப்பதால் உடம்பு வளையும்போது அங்கியும் கூடவே வளையும். கையும் இடுப்புக்குக் கீழும் வெறும் வளையம்தான். சேணத்தில் கால் அகட்டி உட்கார வேண்டுமே, அதற்காகக் கீழ்ப்பாகத்தில் பிளவு இருக்கும். இதன் பெயர் ஜிரா பக்தர். பக்கத்தில் நாலே தகடு தனியாக இருந்தால் அது சார் ஆயினா, வளைய அங்கிக்கு மேலே கட்டுவது.

உள்ளே போடும் பஞ்சு தைத்த அங்கி பெரும்பாலும் காட்சியில் இருக்காது; துணி மக்கிப்போயிருக்கும். அது இல்லாவிட்டால் வாள் வெட்டாவிட்டாலும் அடி எலும்பை உடைக்கும். தல்வார் என்ற வளைந்த வாளின் கைப்பிடி முன்கையை மறைக்காது, அதனால்தான் முழங்கை வரை நீளும் தஸ்தானா என்ற கைக்கவசம்.

பட்ஜெட்டில் இடமிருந்தால் ஜோத்பூரின் மெஹ்ரான்கர் கோட்டையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், ஏற்றம் முதுகை ஒடித்துவிடும்.