நில் பை மவுத்: குடியின் மேல் பழி போடாத படம்

நடிகர் கேரி ஓல்ட்மேன் முதன்முதலாக எழுதி இயக்கிய ‘நில் பை மவுத்’ (Nil by Mouth) 1997இல் வெளிவந்தது. அவர் பிறந்து வளர்ந்த தென்கிழக்கு லண்டனின் உழைக்கும் மக்கள் குடியிருப்பில் கதை நிகழ்கிறது. ரே குடிப்பவன், மனைவி வேலரியை அடிப்பவன். அவளுடைய தம்பி பில்லி ஹெராயினுக்கு அடிமை. வேலரியாக நடித்த கேத்தி பர்க்குக்கு அவ்வாண்டு கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான விருது கிடைத்தது.

நம் படங்களில் குடி ஒரு டாஸ்மாக் பாட்டாகவோ நகைச்சுவையாகவோ வந்துபோகும். அடித்தவன் உச்சக்காட்சியில் அழுதுவிட்டால் கணக்கு தீர்ந்துவிடும். “குடிச்சாதான் இப்படி, மத்த நேரத்துல தங்கமான மனுஷன்” என்று வியாசர்பாடியிலோ கண்ணகி நகரிலோ ஹவுசிங் போர்டு படிக்கட்டுகளில் எத்தனையோ பெண்கள் சொல்லும் சமாதானத்தையே நம் திரைக்கதைகளும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. ஓல்ட்மேன் அந்தச் சமாதானத்தை ஏற்கவில்லை. கர்ப்பிணியான வேலரி வேறொரு ஆணுடன் பில்லியர்ட்ஸ் போன்ற மேசை விளையாட்டு ஆடியதைப் பார்த்துவிட்டு, இரவில் அவளை எழுப்பி விசாரித்து, கரு கலையும் அளவுக்கு ரே அடிக்கிறான். அவன் குடித்திருக்கிறான் என்பது உண்மைதான். ஆனால் அவள் தன் உடைமை என்ற எண்ணம் அவன் குடிப்பதற்கு முன்பே அவனிடம் இருக்கிறது.

முகமெல்லாம் வீங்கிய வேலரி, கார் இடித்துவிட்டது என்று தாய் ஜேனட்டிடம் சொல்கிறாள். இந்தியாவின் முதல் வரிசை அனைத்து மகளிர் காவல் நிலையங்களில் ஒன்று 1992இல் நம் ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் இங்கே “பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்” என்ற பதில் வழக்கொழியவில்லை.

என்னை அதிகம் அலைக்கழித்தவள் ஜேனட்தான். மகன் பில்லிக்குப் பணம் கொடுத்து, போதை மருந்து வாங்க அவளே வேனில் அழைத்துச் சென்று, அவன் ஊசி ஏற்றிக்கொள்வதை உடனிருந்து பார்க்கிறாள். இதைத் தியாகம் என்று காட்டிக் கண்ணீர் வரவழைக்க இயக்குநர் முயலவில்லை, அறிவில்லாதவள் என்று ஏளனமும் செய்யவில்லை. கந்துவட்டிக்கு வாங்கியாவது மகனுக்குக் குவார்ட்டர் காசு கொடுக்கும் தாயிடம் ‘ஏன் கொடுக்கிறாய்’ என்று கேட்பவர்கள், கொடுக்காத இரவில் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதையும் கேட்க வேண்டும். (ஜேனட்டாக நடித்தவர் ஓல்ட்மேனின் உடன்பிறந்த சகோதரி லைலா மோர்ஸ்.)

தன் தந்தை தன்னிடம் அன்பே காட்டவில்லை என்று ரே நீளமாகப் புலம்பும் காட்சி அவனுக்கு வக்காலத்து வாங்குகிறது என்று நண்பர் ஒருவர் வாதிட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பேச்சை அவன் வேலரியிடம் பேசவில்லை. கூட்டாளி மார்க்கிடம் பேசுகிறான், அதில் வேலரியின் காயங்களுக்கு இடமில்லை. அவன் முகத்துக்கு நேரே அவள் கேட்கும் கேள்விகளுக்குத்தான் படத்தில் எடை அதிகம்.

முடிவில் ரே வீட்டைப் புதுப்பித்திருக்கிறான். சிறையிலிருக்கும் பில்லியைப் பார்க்கப் போவதைப் பற்றிக் குடும்பமே கூடிப் பேசுகிறது. அவனைப் பிரிந்து போயிருந்த வேலரி ஏன் திரும்பினாள் என்பதற்குப் படம் தனியாக விளக்கம் தருவதில்லை. அதைக் குறையாகச் சொல்பவர்கள், தாய்வீட்டில் சில நாள் தங்கிவிட்டுத் திரும்பிப் போன எந்தப் பெண்ணையும் விசாரித்துப் பார்க்கலாம். அவள் வாடகையையும் அட்வான்ஸையும் பிள்ளையின் பள்ளிக்கூடத்தையும் பற்றித்தான் பேசுவாள்.