கவுண்டருக்கு உள்பக்கம்

ஜூன் 3, செவ்வாய்

புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர் காலத்து வீட்டின் கீழ்த்தளத்தில் பார், ஒட்டினாற்போல் லவுஞ்ச். புதுப்பிக்கும் வடிவமைப்பு வேலை என்னுடையது. இன்று ஜிப்சம் சீலிங்கைப் பிரித்தோம். தூசி அடங்கியதும் மேலே பார்த்தால் அசல் மெட்ராஸ் டெரஸ்! தேக்குச் சட்டங்கள், அதன்மேல் சுண்ணாம்பில் குறுக்காக, நெட்டுக்குத்தாக அடுக்கிய சின்னச் சின்னச் செங்கல். இதையா மூடி வைத்திருந்தார்கள்? முதலாளியும் அண்ணாந்தவர் கழுத்தை இறக்கவில்லை. சரி, இனி ஏசி குழாயை எங்கே கொண்டுபோவது என்பது என் தலைவலி.

ஜூன் 6, வெள்ளி

இங்கே இருபது வருடமாகச் சரக்கு ஊற்றும் அண்ணன் என் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, “ஒரு தடவை உள்ள வந்து நில்லுங்கம்மா” என்றார். நின்றேன். அவர் குனிந்து ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தார். கதவு என் முட்டியில் இடித்தது. பழைய கவுண்டரில் உள்வழி 28 அங்குலம். வெளியே ஒரு சோபா கூடுதலாகப் போடலாமே என்று நானும் அதையே வரைந்திருந்தேன்.

இப்போது 36 அங்குலம். கவுண்டர் உயரம் 42, ஸ்டூல் 30, அதில் மாற்றமில்லை. ஐஸ் தொட்டி, சிங்க், அடிக்கடி எடுக்கும் பாட்டில் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். “ஒவ்வொரு கிளாஸுக்கும் நாலடி நடந்தா, கடை மூடுறதுக்குள்ள திருப்பதிக்கே போயிடுவேன்” என்றார். சோபா போனதில் முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது.

ஜூன் 11, புதன்

கவுண்டர் மேலேயும் ஆத்தங்குடிக் கல், அதாவது செட்டிநாட்டுப் பூப்போட்ட தரைக்கல், பதிக்க எனக்கு ஆசை. மாதிரிக் கல்லை எடுத்துப் போனேன். அண்ணன் ஒன்றும் பேசாமல் அரை எலுமிச்சையை அதன்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். டீ குடித்துவிட்டு வந்து துடைத்தால், பச்சைப் பூவின் நடுவே பளபளப்பு போய் வட்டமாக வெளிறியிருந்தது. சூளையில் வேகாத கல், சிமென்ட்தானே. புளிப்பு பட்டால் அரிக்கும். மார்பிளும் கடப்பாவும் சுண்ணாம்பு வகை, அதே கதைதான். மேலே கறுப்பு கிரானைட். ஆத்தங்குடி லவுஞ்ச் தரைக்கும் கவுண்டர் முகப்புக்கும் மட்டும்.

ஜூன் 19, வியாழன்

எல்இடி பட்டை வந்தது. பெட்டியில் 2700 கெல்வின், அதாவது இதமான மஞ்சள் வெளிச்சம்; உள்ளே 6500, பளீர் வெள்ளை. போட்டதும் இடம் மருந்துக்கடை மாதிரி ஆகிவிட்டது; விஸ்கி பாட்டில் இருமல் மருந்தாகத் தெரிகிறது. கடைக்காரர் “எல்லாம் ஒண்ணுதான் மேடம்” என்கிறார். திருப்பி அனுப்பியாயிற்று.

ஜூன் 24, செவ்வாய்

கைதட்டிப் பார்த்தேன், சத்தம் திரும்பி வந்து அறைந்தது. செங்கல், கல், கண்ணாடி, எல்லாமே கெட்டியான பரப்பு. நாற்பது பேர் உட்கார்ந்தால் எதிரில் இருப்பவரிடம் கத்தித்தான் பேச வேண்டும்; பாட்டை வேறு கூட்டுவார்கள். கூரைச் சட்டங்களுக்கு நடுவில் சத்தம் உறிஞ்சும் பலகை அடிக்கலாம் என்றார் ஒருவர். கண்டெடுத்த கூரையை நானே மூடவா? பின்சுவர் முழுக்கக் கண்ணாடிக் கம்பளி வைத்து, மேலே தீப்பிடிக்காத துணி. மேசைகளின் அடியிலும் ஃபோம் ஒட்டச் சொல்லிவிட்டேன்.

ஜூலை 2, புதன்

சரியான பட்டை வந்து எரிகிறது. செங்கல் தேன் நிறத்தில் இருக்கிறது. முதலாளி சோபா பக்கமே போகவில்லை. ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து லைம் சோடா கேட்டார்.

அப்புறம், கவுண்டருக்கு உள்ளே ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். வடிகாலுக்குப் போகாமல் நேராக ஃபிரிட்ஜுக்கு அடியில் போகிறது. மேஸ்திரியைக் காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.