கேட்டால் வருவார்கள்

அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் மார்பகப் புற்றுநோய் ஆய்வுகளுக்கு நோயாளிகளைச் சேர்ப்பது என் வேலை. சிகிச்சைக்கு வருகிறவர்களில் கறுப்பினப் பெண்கள் நிறைய. ஆனால் ட்ரையல் என்கிற இந்த மருந்து ஆய்வுகளின் பட்டியலில் அவர்கள் பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ஏன் என்று கேட்டால் பலரும் டஸ்கீகியைச் சொல்வார்கள். பென்சிலின் வந்த பிறகும் சிஃபிலிஸ் நோயாளிகளான கறுப்பின ஆண்களுக்கு மருந்து தராமல், 1932 முதல் 1972 வரை அமெரிக்க அரசே நடத்திய ஆய்வு அது. அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை, உண்மைதான். ஆனால் அதையே சாக்காக வைத்து ‘அவர்கள் எப்படியும் வரமாட்டார்கள்’ என்று நாமே முடிவு கட்டுவது அநியாயம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2021இல் வந்த கட்டுரை ஒன்று, ட்ரையலில் சேருகிறீர்களா என்று கேட்கப்பட்ட புற்றுநோயாளிகளில் பாதிக்கு மேல் சம்மதித்ததாகச் சொல்கிறது. கறுப்பினத்தவர் சம்மதித்த விகிதம் வெள்ளையரைவிடக் குறைவாக இல்லை.

கேட்பதுதான் நடப்பதில்லை. “பாவம், ரெண்டு பஸ் மாறி வர்றாங்க, இது வேறயா?” என்று அக்கறையோடுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆனால் அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு ஆய்வு இருப்பதே தெரியாமல் போகிறது. நான் உட்கார்ந்து பேசியவர்களில் பலர் கேட்ட முதல் கேள்வி, “எனக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைக் கொடுத்துடுவீங்களா?” என்பதுதான். வழக்கமான சிகிச்சையை நிறுத்திவிட்டு அப்படிச் செய்ய மாட்டார்கள், பெரும்பாலும் அதோடு சேர்த்தோ, அதற்கு ஈடாகவோதான் புது மருந்து வரும் என்று விளக்கிய பிறகு பேச்சு வேறு மாதிரி போகும். அடுத்த கேள்வி லீவு, குழந்தையை யார் பார்த்துக்கொள்வது, பார்க்கிங் செலவு.

அப்புறம் ரத்தப் பரிசோதனை. பல கீமோ ஆய்வுகளில், தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணுக்களான நியூட்ரோபில்களின் எண்ணிக்கை 1500க்குக் கீழே இருந்தால் சேர்க்க மாட்டார்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலருக்கு டஃபி என்ற மரபணுவின் ஒரு வகையால் இந்த எண் பிறவியிலேயே குறைவாக இருக்கும். அது நோயல்ல, தொற்றை எதிர்க்கும் சக்தியும் குறைவதில்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டு வந்த ஒருவருக்கு 1400 என்று ரிசல்ட் வந்தது. ‘தகுதியில்லை’ என்று பதிந்தோம். சம்மதித்து வந்தவரை நம் விதியே திருப்பி அனுப்பியது. என்னைக் கேட்டால், டஸ்கீகியைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை இந்த விதியைத் திருத்தச் செலவிடலாம்.

இங்கே கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது வெள்ளையரைவிடச் சற்றுக் குறைவு. ஆனால் அதனால் இறப்பது சுமார் 40 சதவீதம் அதிகம். ஹார்மோன் சிகிச்சை பலிக்காத ‘மும்மை எதிர்மறை’ (டிரிப்பிள் நெகட்டிவ்) வகை அவர்களுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. அந்த நோய்க்கான மருந்தை அவர்கள் இல்லாமலே சோதிக்கிறோம்.

2022 முதல், ட்ரையலில் சேர்ந்தவர்களின் வழக்கமான சிகிச்சைச் செலவை, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டு ஏற்கிறது. பயணச் செலவை மட்டும் இன்னும் ஒவ்வொரு ஆய்வின் பட்ஜெட்டிலும் தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. இப்போது புது ஆய்வுத் திட்டம் கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது இரண்டு இடங்கள்: போக்குவரத்துக்கு என்ன ஒதுக்கியிருக்கிறார்கள், நியூட்ரோபில் வரம்பில் டஃபிக்கு விலக்கு உண்டா. இல்லையென்றால் ஆள் சேர்க்கத் தொடங்கும் முன்பே எழுதிக் கேட்டுவிடுகிறேன்.