கிழிந்த ஒலிபெருக்கிக் கூம்பும் சிறிதளவு பசையும்

பல ஆண்டுகளாக நான் கேட்டுவந்த ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பில் விழுந்த கிழிசலை, வெள்ளைப் பசையில் சிறிது நீர் கலந்து, மெல்லிய டிஷ்யூ தாள் ஒன்றைப் பின்புறம் ஒட்டிச் சரிசெய்தேன். பசையைத் தாராளமாகப் பூசக் கூடாது. கூம்பின் எடை கூடினால் அதன் அசைவும் ஒலியும் மாறிவிடும். நொடியில் ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசை இறுகியதும் நொறுங்கக்கூடியது என்பதால், கூம்பைச் சுற்றி ஓயாமல் அசையும் விளிம்புக்கு அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். உலர்ந்த பின்னும் வளைந்துகொடுக்கும் ரப்பர் பசையே அங்கு ஏற்றது. நுரை விளிம்பையே மாற்றுகிறவர்கள், கூம்பின் பின்புறம் இணைந்த கம்பிச் சுருள் (வாய்ஸ் காயில்) காந்தத்தின் குறுகிய இடைவெளியில் உரசுகிறதா என்பதை, கூம்பை விரல்களால் சீராக, மிக மெதுவாக அழுத்திக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். சுரண்டும் ஓசை சிறிதளவு எழுந்தாலும் பசை இறுகும் முன்பே கூம்பை நடுவிற்கு நகர்த்திவிடுங்கள். 24 மணி நேரம் உலரவிட்ட பிறகே, அதுவும் தாழ்ந்த ஒலியளவில்தான், என் ஒலிபெருக்கியைப் பாடவிட்டேன்.